சிஸ்டர் ரெஜினின் போக்கர் பணமும் நான் மூடாத கதவும்

புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்த வாரம், பழைய ஆபீசிலிருந்து கவிதா போன் செய்தாள். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "பாய், பிரிவு நம்பர் மொத்தத்தையும் மாத்திட்டாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்களே, அது ஒண்ணும் இனிமே செல்லாது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்லதுதான், மூளைல இடம் காலியாவட்டும்" என்று சொல்லி வைத்தேன். விடுவாளா? புதிதாக வந்த பிள்ளைகளுக்காக என் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னாள்.

எழுத உட்கார்ந்தால், நான் சாமர்த்தியமாகச் செய்த வேலை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. செய்திருக்கிறேன். அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வைத்திருக்கிறேன், அதிகாரியே விட்டுவிட்ட தவறைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதையெல்லாம் எழுதினால் தற்பெருமையாகத்தான் இருக்கும். நான் தவறு செய்த ஒரு கேசைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் கவிதா கிழித்துப் போடட்டும்.

என் பேர் ஹமீது. முல்லா வீதியில் பிறந்து அங்கேயே இருக்கிறேன். பி.காம். முடித்த கையோடு ஆடிட்டர் சாம்பசிவம் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி. கீழே மீன்காரம்மாக்களின் சத்தம், மேலே எங்கள் தட்டச்சின் சத்தம். முதல் ஐந்து வருஷம் கூட்டல் போட்டேன், சலான் கட்ட பேங்க் வரிசையில் நின்றேன், சாருக்கு வெற்றிலை வாங்கி வந்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. முப்பத்தாறு வருஷம் ஓடியதே தெரியவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஜூலை மாதமும் தெரிந்தது.

சாம்பசிவம் சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டர்ன் தயாரானதும் கையெழுத்துப் போட வேண்டியவரை மட்டும் உள்ளே கூப்பிடுவார். கூட வந்த மனைவி, மகன், மச்சான், யாராக இருந்தாலும் வெளி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். எழுந்து போய்க் கதவைத் தானே சாத்துவார். அதை என்னிடம்கூட விடமாட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரிட்டர்னை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் தமிழில் படித்துக் காட்டுவார். "வாடகை வருமானம், இவ்வளவு. சரியா?" என்பார். எதிரில் இருப்பவர் "ஆமா" என்று சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். "வாயால சொல்லுங்க" என்பார். கோடீஸ்வரனும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசி ஆமா வந்த பிறகுதான் பேனாவை எடுப்பார்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு இது பெரிய ரோதனையாக இருந்தது. நாற்பது பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு அரை மணி நேரமா? ஒருநாள் கேட்டே விட்டேன். சார் நிதானமாகச் சொன்னார். மீன் ஏலம் எடுக்கும் ஒரு அம்மா, பெண்ணின் படிப்புக்காக வீட்டுக்குத் தெரியாமல் பேங்கில் பணம் போட்டு வைத்திருந்தாராம். சார் தொழில் ஆரம்பித்த காலத்தில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த வட்டியைச் சத்தமாகப் படித்துவிட்டார். அடுத்த வாரமே புருஷன் அந்தப் பணத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டான். "அப்பலேருந்துதான் இந்தக் கதவு" என்றார் சார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாட்டரி, குதிரை, சீட்டு என்று வரும் பணத்துக்குச் சட்டத்தில் தனிக் கணக்கு. ஏழை, பணக்காரன் வித்தியாசம் கிடையாது, கழிவு கிடையாது, நேராக முப்பது சதவீதம். அந்த வரியின் மேல் செஸ் என்று இன்னொரு நாலு சதவீதம். எனக்குச் சூதாட்டம் ஹராம், மார்க்கம் விலக்கியது. அந்த மாதிரி ரிட்டர்ன் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் டைப் செய்வேன். சார் அதைக் கவனித்திருக்கிறார். ஒருமுறை சொன்னார்: "ஹமீது, இது நல்ல பணமா, கெட்ட பணமான்னு கவர்மெண்டு கேக்கல. யாருதுன்னு மட்டும்தான் கேக்குது. நாமளும் அதோட நிறுத்திக்கணும்." நான் சரி சார் என்றேன். மனதுக்குள் நிறுத்திக்கொள்ளவில்லை.

போனில் சூதாட்டம் வந்த பிறகு இந்த மாதிரிக் கேஸ்கள் குவிந்தன. ரம்மி, போக்கர் என்று சீட்டாட்டங்கள், இன்னும் என்னென்னவோ. வருஷத்தில் போட்டது போக ஜெயித்தது எவ்வளவோ அதில் முப்பது சதவீதத்தை அந்தக் கம்பெனியே பிடித்து, ஆடினவரின் பான் எண்ணில் கட்டிவிடும். "அதான் புடிச்சிட்டாங்களே, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்ல காட்டணும்?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். காட்டித்தான் ஆக வேண்டும். ஏஐஎஸ் என்று ஓர் அறிக்கை இருக்கிறது. நம் பான் எண்ணில் எங்கிருந்து என்ன வந்தாலும் அதில் வரிசையாக விழுந்துவிடும். ஒளிக்க முடியாது. அதனால் சில கில்லாடிகள் பெண்டாட்டி பானிலும் அப்பா பானிலும் ஆடினார்கள். அந்த ஒரு ஜூலையில் மட்டும் அப்படி மூன்று பேரைப் பிடித்தேன். பிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜூலையின் கடைசி வாரத்தில்தான் சாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆபீஸ் முழுக்க என் தலையில் விழுந்தது.

சிஸ்டர் ரெஜின் எங்களிடம் இருபது வருஷமாக வருபவர். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சிஸ்டர் ஒவ்வொரு வருஷமும் தனியாகத்தான் வருவார். பென்ஷன் காகிதம், பேங்க் வட்டிக் காகிதம் இரண்டையும் ஒரு துணிப்பையில் கொண்டு வருவார். சார் படிப்பதற்கெல்லாம் ஆமா சொல்லிவிட்டு, எழுந்திருக்கும்போது பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி" என்பார். புருஷன் தவறி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. மூலக்குளத்தில் சொந்த வீடு. ஒரே மகன் பாஸ்கல், பெங்களூரில் சாப்ட்வேர் வேலை.

அந்த வருஷம் மகனோடு வந்தார்.

முதல் நாளே அவருடைய ஏஐஎஸ்ஸை எடுத்துப் பார்த்திருந்தேன். பென்ஷன் இருந்தது, வட்டி இருந்தது. அதற்குக் கீழே, புதிதாக, ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த வகையில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. போக்கர் கம்பெனி. பிடித்த வரி அறுபத்து மூவாயிரம். படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அறுபத்தேழு வயசு, விதவை, ஆயுசெல்லாம் நோயாளிகளைப் பார்த்த மனுஷி. அவர் பானை வைத்து எவனோ சூதாடியிருக்கிறான். எவனோ என்ன எவனோ, மகன்தான். சாப்ட்வேர் வேலை, கையில் எந்நேரமும் போன்.

அதனால் மறுநாள் இருவரும் வந்தபோது நான் கதவைச் சாத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சாரிடம் பிற்பாடு சொன்னேன். அது பொய். வேண்டுமென்றேதான் திறந்து வைத்தேன். அவனை அம்மா முன்னாலும் நாலு பேர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"தம்பி, நீங்களும் உக்காருங்க. இதுல உங்களுக்கும் வேலை இருக்கு" என்றேன்.

பாஸ்கல் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். "இந்த ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் யாருது?"

"இன்னா சார் இது?"

"போக்கர். அம்மா பேர்ல, அம்மா பான்ல."

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். "அம்மாவுக்கு போன்ல ஒரு போட்டோ அனுப்பவே தெரியாது சார். எங்கிட்டதான் கேப்பாங்க."

"அதத்தான் நானும் கேக்குறேன். அம்மாவுக்குத் தெரியாது. அப்ப யாருக்குத் தெரியும்?"

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துபோய், "நான் ஆடுறேன்னு சொல்றீங்களா? நான் வருஷத்துக்கு ஒரு லாட்டரி டிக்கெட்கூட வாங்குனதில்ல சார்" என்றான். வெளி பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கே தெரிந்துவிட்டது, இவன் இல்லை. இந்தத் தொழிலில் பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. "அப்ப எவனோ அம்மா பானைத் திருடியிருக்கான்" என்றேன். பாஸ்கல் உடனே சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம் என்றான். அதற்கு முன்னால் வரித் துறைக்குச் சொல்லிவிடலாம், இந்தத் தகவல் என்னுடையது இல்லை என்று சொல்வதற்கு அந்த அறிக்கையிலேயே ஓர் இடம் இருக்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் போதும் என்று சொல்லி, மவுசை அதன் மேல் கொண்டு போய் வைத்தேன்.

அதுவரை சிஸ்டர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுத்தாதீங்க பாய்" என்றார்.

நான் திரும்பினேன்.

"அது நான் ஜெயிச்சது."

பாஸ்கல் அம்மாவையே பார்த்தான். "எவ்ளோ நாளாம்மா?"

"உங்கப்பா தவறுன வருஷத்துலேருந்து. மொதல்ல சும்மா அஞ்சு பத்துக்கு, போன வருஷம்தான் பெருசா ஆடுனேன்."

"யாரு கத்துக்குடுத்தாங்க?"

"எங்கப்பா. வீட்ல கிறிஸ்துமஸ்ஸுக்கு எல்லாரும் ஆடுவோம், உனக்கு நெனவிருக்காது. போன்ல எப்படின்னு நானா கத்துக்கிட்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா. போன் பண்ணுனா மாத்திரை போட்டியா, கதவ சாத்துனியா, இதான் கேக்குற."

அவன் எழுந்து நின்று கையை நீட்டினான். "போனைக் குடும்மா." அவன் கெட்ட பிள்ளை இல்லை. பயந்துபோயிருந்தான். சூதாட்டத்தில் சொத்தெல்லாம் போன குடும்பங்களைப் பற்றித் தினமும் படிக்கிறோமே. சிஸ்டர் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். நாற்பது வருஷம் ஊசி போட்ட கை, கொஞ்சமும் நடுங்கவில்லை.

பாஸ்கல் என்னிடம் திரும்பி, "தேங்க்ஸ் சார். நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றான்.

நான் ரிட்டர்னை ஒதுக்கி வைத்துவிட்டு, நாளைக்கு வாங்க என்று சொல்ல நினைத்தேன். சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் படிச்சுக் காட்டலியே பாய்" என்றார்.

படித்தேன். மகன் நின்றுகொண்டிருந்தான், கதவு திறந்தே இருந்தது. பென்ஷன் இவ்வளவு, சரியா? ஆமா. பேங்க் வட்டி இவ்வளவு, சரியா? ஆமா. ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்தது, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், சரியா? வெளி பெஞ்சுக்கே கேட்கும்படி "ஆமா" என்றார். பிடித்த வரி போக, செஸ் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூற்றி இருபது ரூபாய் பாக்கி இருந்தது. மகன் கட்ட வந்தான். வேண்டாம் என்று அவரே பையிலிருந்து எண்ணி எடுத்து, கட்டிவிடச் சொல்லி எங்கள் மேசையில் வைத்தார். ரிட்டர்னை உறுதிப்படுத்த ஓடிபி வர வேண்டும். அது மகன் கையிலிருந்த போனுக்கு வந்தது. அவன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான், நான் போட்டேன். அன்றைக்கு சிஸ்டர் மெர்சி சொல்லவில்லை.

சார் வேலைக்குத் திரும்பினதும் சொல்லிவிட்டேன். மறந்துட்டேன் சார் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கதவு எதுக்குன்னு இத்தன வருஷத்துல உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் ஹமீது" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. மனுஷன் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மூன்று வாரம் கழித்து சிஸ்டர் தனியாக வந்தார். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, நாளைக்கு பெங்களூருக்கே போய்விடுகிறேன் என்றார். மகன் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருந்தான். இந்தமுறை நான் கதவைச் சாத்தினேன். என்ன பிரயோசனம்? என்னால்தான் இதெல்லாம், மன்னிச்சிடுங்க சிஸ்டர் என்றேன்.

"விடுங்க பாய். என்னிக்காவது தெரிஞ்சிருக்கும்." துணிப்பையைத் திறந்துகொண்டே சொன்னார். "பணம் போனா போவுது. மத்தியானத்துல பெரிய டேபிள்ல ஆடுவேன், அது சம்பாத்தியம். சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்க ஆறு பேர் ஒரு தனி டேபிள் வெச்சிருந்தோம். அஞ்சு ரூவா, பத்து ரூவா ஆட்டம். அது சும்மா பேசறதுக்கு. அதுதான் பாய்…"

ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த மேசைக்குள் போக ஓர் எண் வேண்டும். அதை எழுதியிருந்தார். கீழே, யார் யார் என்றும் எழுதியிருந்தார். சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். கொச்சியில் ஒரு பல் டாக்டரம்மா. குவாஹாத்தியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். இன்னும் இரண்டு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சிஸ்டருக்கு அங்கே பேர் 'நைட் டியூட்டி'.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். செத்துட்டேன்னு நெனச்சிருப்பாங்க. ஒரே ஒரு தடவ போயி, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடுங்க."

"எனக்கு அது ஹராம் சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். வேற யாராச்சும் போனா அங்கியே உக்காந்துடுவாங்க."

என் மனைவி ஜுபைதா தவறி அப்போது ஆறு வருஷம். மகள் துபாயில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவாள். மற்ற நாட்களில் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தால் மறுநாள் ஆபீஸ் போகிற வரைக்கும் என் குரலை நானே கேட்கமாட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மகள் வாத்தா பாவம் என்பாள், எனக்கு அது பிடிக்காது.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலத் தொழுகை, மக்ரிப், தொழுதுவிட்டு வந்து, அந்த ஆப்பை இறக்கி, என் பான் எண்ணைக் கொடுத்து, ஐந்நூறு ரூபாய் போட்டேன். எதைத் தொடங்கினாலும் பிஸ்மில்லா சொல்லித்தான் பழக்கம். வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். எண்ணைப் போட்டதும் மேசை திறந்தது. ஆறு நாற்காலியில் ஐந்தில் ஆள் இருந்தது. காலியாக இருந்ததில் உட்கார்ந்தேன். ஒருவரும் ஆடவில்லை. நீங்கள் யார் என்று எழுத்தில் வந்தது.

ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினேன். நைட் டியூட்டி சிஸ்டர் நலம், மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், போன் கையில் இல்லை, நான் அவருடைய ஆடிட்டர் ஆபீஸ் ஆள்.

கடவுளே நன்றி என்று டாக்டரம்மா எழுதினார். குவாஹாத்திக்காரர் கைகூப்பும் படம் போட்டார். சேலத்துக்காரர்தான் தமிழில் எழுதினார்: "அவங்க வராததுலேருந்து அந்த சீட்ட யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தோம் சார். அதுலதான் நீங்க உக்காந்திருக்கீங்க."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். எப்படி எழுந்திருப்பது என்று தெரியவில்லை. அதற்குள் சீட்டு வந்துவிட்டது. ஆடத் தெரியாது, இந்த ஆட்டம் வேண்டாம் என்று சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்ததையும் வைத்தேன். கீழே வைத்தாலும் முறைக்குக் கட்டியே ஆக வேண்டிய காசாக, ஒரு மணி நேரத்தில் முப்பது ரூபாய் போயிற்று. கிளம்பும்போது நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டார்கள். வரேன் என்று எழுதினேன்.

போனேன். அடுத்த நாளும் போனேன். சிஸ்டருக்குச் செய்தி சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மக்ரிபுக்கும் ராத்திரித் தொழுகையான இஷாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம். ஜெயிக்கக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். எந்தச் சீட்டு வந்தாலும் கீழே வைப்பேன். "பாய் வெச்சுட்டாருடா" என்று சேலத்துக்காரர் கேலி செய்வார். ஒருநாள் ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். நாற்பது ரூபாய் என் பக்கம் வந்து சேர்ந்தது. பதறிப்போய் அடுத்த ஆட்டத்திலேயே அதைத் தொலைத்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதாவது, சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டார்கள். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

சிஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வேன். பட்டன் போனுக்கு யார் பேசினாலும் யார், எதற்கு என்று பாஸ்கல் கேட்பானாம். அதனால் அவன் நம்பருக்கே நேராகச் செய்தேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. போன் பிடுங்கப்படும் வரைக்கும், அந்த ஏப்ரலிலிருந்து ஜூலை வரைக்கும் சிஸ்டர் ஜெயித்ததை அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டியிருந்தது. "டாக்ஸ் விஷயம் தம்பி, அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை" என்பேன். நோட்டீஸ் என்றால் பாஸ்கலுக்குப் பயம். உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவான், ஆனால் பக்கத்திலேயே இருப்பான். சிஸ்டர் கேள்வி ஒன்றும் கேட்க முடியாது. நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். "குவாஹாத்திக்காரர் மகளுக்கு வரன் அமைஞ்சிடுச்சு." "அப்படியா." "டாக்டரம்மா முழங்கால்ல அடிபட்டு வீட்ல இருக்காங்க, உங்ககிட்ட என்ன தைலம்னு கேக்கச் சொன்னாங்க." "வெந்நீர் ஒத்தடம் போதும்." பாஸ்கல் யாருக்கு ஒத்தடம் என்று கேட்பது எனக்கே கேட்கும். ஆடிட்டர் ஆபீஸ் கவிதாவுக்கு என்பார் சிஸ்டர். கவிதா, இப்போது தெரிந்துகொள், உன் முழங்காலை நாங்கள் நிறைய உபயோகித்திருக்கிறோம்.

பாஸ்கல் அம்மாவை நன்றாகத்தான் வைத்திருந்தான். தனி அறை, நல்ல டாக்டர், வேலைக்கு ஆள். ஒருமுறை அவன் குளிக்கப் போயிருந்தபோது சிஸ்டர் பேசினார். "எல்லாம் இருக்கு பாய். காலைல எட்டு மணிக்கு எல்லாரும் கெளம்பிடுறாங்க. ராத்திரி வந்து ஆளுக்கொரு போனைப் புடிச்சிக்கிறாங்க. எனக்கு மட்டும்தான் கூடாது." அழவில்லை. நோயாளியின் காய்ச்சல் அளவைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மார்ச்சில் நான் ஓய்வு பெற்றேன். சார் ஒரு சால்வை போர்த்தினார். ஆபீசும் போன பிறகு, ஒரு நாளில் நான் யாரோடாவது பேசுவது என்றால் அந்த ஏழு மணிதான். ஐந்நூறு தீரத் தீர, மறுபடி மறுபடி ஐந்நூறு போட்டேன். பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழுகிறவர்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்களோ, நினைக்கட்டும். அல்லாஹ்விடம் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். நான் அங்கே சூதாடப் போகவில்லை என்று சொன்னால் அவனாவது நம்புவான்.

ஜூலையில் கவிதா சிஸ்டரின் ரிட்டர்னைப் போட்டாள். ஆகஸ்டில் வரித் துறையிலிருந்து பாக்கி ஒன்றும் இல்லை என்று பதிலும் வந்துவிட்டது. அதே மாதம்தான் டெல்லியில் சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தார்கள். டீக்கடையில் எல்லாரும் நல்லது என்றார்கள். நானும் நல்லது என்றேன். நல்லதுதான். எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியும். அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆப்பைத் திறந்தேன். ஆட்டம் நிறுத்தப்பட்டது, மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. மேசை எண்ணைப் போட்டேன். திறக்கவில்லை. என் மீதி இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கலுக்குப் போன் செய்தேன். சிஸ்டர் வாங்கினார்.

"மூடிட்டாங்க சிஸ்டர்" என்றேன்.

"நியூஸ்ல பாத்தேன்." குரலைத் தாழ்த்தி, "அவங்க நம்பரெல்லாம் வாங்கி வெச்சிருக்கீங்கல்ல?" என்றார்.

வாங்கவில்லை. ஆப்பில் பேச்சு எழுதுகிற பெட்டியில் போன் நம்பர் எழுதினால் ஆப்பே அதை அழித்துவிடும். வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம். பேரையாவது முழுசாகக் கேட்டிருக்கலாம். ஒரு வருஷம் தினமும் பேசியவர்களிடம் உங்கள் பேர் என்ன என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்கும் இருப்பார்களே என்று இருந்துவிட்டேன்.

"இல்ல சிஸ்டர்" என்றேன்.

கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை.

"சேலத்துக்காரருக்கு சுகர் இருக்கு. பாத்துக்கச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று நானும் தேடினேன், அவரும் தேடியிருப்பார். பாஸ்கல் போனை வாங்கிக்கொண்டான். நல்ல பையன், எப்போதும் மரியாதையாகப் பேசுவான்.

"சார், ரிட்டர்ன்தான் ஓகே ஆயிடுச்சே. வேற ஏதாச்சும் பாக்கி இருக்கா? அம்மாகிட்ட இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?"

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். முப்பத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், ஒரு பாரத்தையோ ஒரு நோட்டீசையோ கற்பனை செய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"இல்ல தம்பி. எல்லாம் முடிஞ்சுது" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். இனிமே உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.